கண்ணாடிக் கதவா, தொலைபேசியா, ஆப்பா? ஆபீஸில் மனநல உதவி

எங்கள் ஆபீஸில் மனநல ஆலோசகருக்கு ஒதுக்கிய அறை ஹெச்.ஆர். கேபினுக்கு நேர் எதிரே இருந்தது. கதவு கண்ணாடி. வாரத்தில் இரண்டு நாள் அந்த அம்மா வந்து, தண்ணீர் பாட்டிலை மேசையில் வைத்துவிட்டுக் காத்திருப்பார். முதல் மாதம் உள்ளே போனவர்கள் மூன்று பேர். அதில் ஒருவர் பிரின்டருக்குப் பேப்பர் தேடிப் போனவர். அறையை கேன்டீனுக்குப் பின்பக்கம் மாற்றிய பிறகுதான் ஆட்கள் போக ஆரம்பித்தார்கள். ஆலோசகர் அதே ஆள்தான்.

பட்ஜெட் ஒதுக்கும் கம்பெனிகள் முன் வழக்கமாக வந்து நிற்பவை மூன்று: நேரில் வரும் ஆலோசகர், வெளியாரோடு ஒப்பந்தம் போட்ட தொலைபேசி ஆலோசனை, தியான ஆப்.

ஆப்பை முதலில் முடித்துவிடுவோம். செலவு குறைவு, மேலிடத்துக்குக் காட்ட வண்ண வண்ண வரைபடம் கிடைக்கும். ஆனால் ஆக்ஸ்ஃபோர்டின் வில்லியம் ஃபிளெமிங் 2024-இல் வெளியிட்ட ஆய்வு பிரிட்டனில் 233 நிறுவனங்களைச் சேர்ந்த 46,336 ஊழியர்களின் பதில்களை அலசியது. ஆப், மன அழுத்தப் பயிற்சி போன்றவற்றில் சேர்ந்தவர்கள் சேராதவர்களைவிட நன்றாக இருந்ததாகத் தெரியவில்லை. முன்பின் ஒப்பிடாமல் ஒரே சமயத்தில் எடுத்த கணக்கு என்பதால் அதையே தீர்ப்பாகக் கொள்ள முடியாது. இருந்தாலும் என் ஓட்டு ஆப்புக்கு இல்லை.

தொலைபேசியின் பலம், யார் கண்ணிலும் படாமல் பேசலாம் என்பது. இரவு ஷிப்ட்காரருக்கு மூன்று மணிக்கு வேறு யார் கிடைப்பார்? குறை, அது யாருக்கு என்பதில் இருக்கிறது. எங்கள் ஒப்பந்தம் நிரந்தர ஊழியருக்கு மட்டும்தான். வாசலில் 12 மணி நேரம் நிற்கும் செக்யூரிட்டி அண்ணனும் கேப் ஓட்டுநரும் அதில் இல்லை. அவர்களுக்கும் சேர்த்து டெலி-மானஸ் என்ற அரசின் மனநலத் தொலைபேசி உதவி இருக்கிறது. 2022 அக்டோபர் 10-இல் தொடங்கியது. எண் 14416, 24 மணி நேரமும் இலவசம், தமிழிலும் பேசலாம். எந்தக் கம்பெனி என்று சொல்ல வேண்டியதும் இல்லை. அப்படியானால் காசு கொடுத்து வாங்கும் லைன் எதற்கு? ஒவ்வொரு முறையும் அதே ஆலோசகரிடம் பேச முடிந்தால் மட்டுமே அதற்குப் பொருள் உண்டு. விற்க வருபவரிடம் அதை முதலில் கேளுங்கள்.

இன்சூரன்ஸ் பற்றியும் ஒரு வார்த்தை. உடல்நோய்க்கு இணையாக மனநோய்க்கும் காப்பீடு தர வேண்டும் என்கிறது 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம். ஆனால் பெரும்பாலான குரூப் பாலிசிகள் மருத்துவமனையில் சேர்ந்தால்தான் பணம் தரும். வாராவாரம் போகும் கவுன்சிலிங் கட்டணம் கைக்காசுதான்.

இந்த மூன்றுக்கும் வெளியே ஒரு வழி உண்டு: வேலை நடக்கும் விதத்தையே மாற்றுவது. தமிழ்நாட்டில் 2021-இல் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, ஊழியர் உட்கார இருக்கை தர வேண்டும் என்றார்கள். நாள் முழுக்க நின்றே சேலை எடுத்துப் போட்ட பெண்ணுக்கு முதலில் தேவைப்பட்டது நாற்காலி, அப்புறம்தான் ஆலோசகர். எங்களுக்கு அந்த நாற்காலி என்பது ரோஸ்டர், அதாவது ஷிப்ட் அட்டவணை. அடுத்த வார ஷிப்ட் ஞாயிறு இரவு வாட்ஸ்அப்பில் வந்துகொண்டிருந்தது. அதை இரண்டு வாரம் முன்பே ஒட்டச் சொன்னோம். டீம் லீடுகள் முணுமுணுத்தார்கள். செலவு என்று பார்த்தால் ஒரு பைசா இல்லை. இப்படி மாற்ற மேனேஜர்கள் மனது வைக்க வேண்டும்; அவர்களுக்குப் பயிற்சி கொடுங்கள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் 2022 வழிகாட்டுதலும் சொல்கிறது.

ஐம்பது பேர் கொண்ட ஆபீஸ் என்றால் ரோஸ்டரைச் சரிசெய்து, கழிவறைக் கதவிலும் கேப் சீட்டின் முதுகிலும் 14416-ஐ ஒட்டி, மிச்சப் பணத்தில் வெளியே ஒரு ஆலோசகரை ஏற்பாடு செய்வேன். ஒப்பந்தத்தில் ஒரு வரி கட்டாயம்: பில்லில் எத்தனை பேர் வந்தார்கள் என்ற எண்ணிக்கை மட்டும். எங்களுக்கு வந்த முதல் பில்லில், போனவர்களின் ஊழியர் அடையாள எண்கள் வரிசையாக இருந்தன. அக்கவுண்ட்ஸில் மூன்று பேர் பார்த்த பிறகுதான் அது என் மேசைக்கு வந்தது.