தேயிலை மெசின் செய்ற வேர்க்சொப்புக்கு பிடிஎம்: சில வருசம் பாவிச்சதுக்கு அப்புறம்

பிடிஎம்ன்னா டிசைன் ஃபைல்களையும் அதுகள்ல நடக்கிற மாத்தங்களையும் ஒரே எடத்துல வச்சி பாத்துக்கிற சொஃப்ட்வெயார். எங்க வேலையப் பத்தி மொதல்ல சொல்லிடுறேன், இல்லன்னா மிச்சம் புரியாது. இலங்கையில அட்டன் பக்கம் ஒரு எஞ்சினியரிங் வேர்க்சொப், நான் டிராயிங் ஒபீஸ். புது மெசின் டிசைன் பண்றது கொஞ்சம்தான், மிச்சம் பூரா ஸ்பெயார்ஸ். மஸ்கெலியா, தலவாக்கல, பொகவந்தலாவ பக்கத்து ஃபெக்டரிகள்ல ஓடுற ரோலர் (கொழுந்த உருட்டுறது), ட்ரையர் (காய வைக்கிறது), ரோல் பிரேக்கர் (உருண்டத உடைச்சி சலிக்கிறது) இதுகளுக்கு பார்ட் செஞ்சி குடுக்கிறது. சிலது வெள்ளக்காரன் காலத்துல பெல்ஃபாஸ்ட்ல இருந்து வந்த சிரோக்கோ ட்ரையர் மாதிரி பழசு, எல்லாம் இஞ்சிக் கணக்கு, போல்ட்டு பூரா விட்வொர்த் மரை, அது 55 டிகிரி, இப்ப கடையில கெடைக்கிற மெட்ரிக் மரை 60 டிகிரி, ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு சேராது. பிடிஎம் டெமோ காட்ட வர்றவங்க எல்லாம் புதுசா ஒரு கியர் பொக்ஸ் டிசைன் பண்ணி ரிலீஸ் பண்றத அழகா காட்டுவாங்க, ஆனா நமக்குத் தேவை அது இல்லையே, இந்தத் தோட்டத்து மூணாம் நம்பர் ரோலருக்குள்ள இப்ப என்ன பார்ட் கெடக்குன்னு தேடிக் குடுக்குமா, அதுதான் கேள்வி.

முந்தி எல்லாமே ஒரு செயார் ஃபோல்டர்ல இருந்திச்சி. நாங்க வரையுற டிசைன் சொஃப்ட்வெயார் சொலிட்வர்க்ஸ், அதோட ஃபைல் ஒண்ண சும்மா எக்ஸ்ப்ளோரர்ல பேர மாத்துனா அத வச்சிருக்கிற அசெம்பிளிக்கு (பார்ட்டுகள சேர்த்து வச்ச ஃபைலுக்கு) அது தெரியாது, தொறக்கும்போது ஃபைலக் காணலன்னு கேக்கும். ஒரே பார்ட்ட ரெண்டு பேர் தொறந்து வேல செஞ்சா கடைசியா சேவ் பண்ணுனவர்ட வேலதான் மிஞ்சும்.

என்னென்ன பார்த்தோம்ன்னா, சப்வேர்சன் இலவசம், ஃபைல பூட்டி வைக்கலாம், ரெண்டு மூணு பேர்ன்னா அதே போதும்ன்னுதான் நான் இன்னிக்கும் சொல்லுவேன், ஆனா அதுக்கு அசெம்பிளிக்குள்ள எது இருக்குன்னு தெரியாது, அதுக்கு எல்லாமே வெறும் ஃபைல். ஓட்டோடெஸ்க் வோல்ட், அவங்களோட டிசைன் சொஃப்ட்வெயார் இன்வென்டர் பாவிக்கிறவங்களுக்கு சரி, ஆனா அதோட பேசிக் வேர்சன்ல ரிவிசன் (மாத்தத்துக்கு ஏ, பின்னு எழுத்து ஏத்துறது), லைஃப்சைக்கிள் (டிராயிங் எந்தக் கட்டத்துல இருக்குன்னு வைக்கிறது) கெடையாது, அது வேணும்ன்னா மேல உள்ளத வாங்கணும். கிளவுட்ல ஓடுறதும் பார்த்தோம், தென்மேற்குப் பருவக்காத்து அடிக்கிற மாசங்கள்ல இங்க லைன் இருக்கிற அழகு தெரிஞ்சவங்க அதுக்கு மேல கேக்க மாட்டாங்க. கடைசியா எடுத்தது சொலிட்வர்க்ஸ் பிடிஎம் ஸ்டேண்டர்ட். எங்ககிட்ட இருந்தது சொலிட்வர்க்ஸ் ப்ரொஃபெசனல் லைசன்ஸ், அதோடயே அது வந்திச்சி. சாதா சொலிட்வர்க்ஸ் ஸ்டேண்டர்ட் வச்சிருந்தா தனியா வாங்கணும், கொட்டேசன்ல இத சரியாப் பாருங்க.

பிடிஎம் ஸ்டேண்டர்ட்ல ஒரே ஒரு வேர்க்ஃப்ளோதான் (டிராயிங் கட்டம் கட்டமா போற வழி), அதுல 10 ஸ்டேட்டுக்கு (கட்டத்துக்கு) மேல வைக்க ஏலாது. கேக்கும்போது கொறச்சல் மாதிரி இருக்கும். நாங்க பாவிக்கிறது வரையுறது, செக் பண்றது, ரிலீஸ், மாத்தத்துக்குத் தொறந்தது, ஒதுக்கினது, அவ்வளவுதான். டேட்டாபேஸ் ஓடுறது மைக்ரோசொஃப்ட்டோட இலவச எஸ்கியூஎல் எக்ஸ்பிரஸ்ல, எங்க வேர்சன்ல அதுக்கு 10 ஜிபி எல்லை, ஆனா டிசைன் ஃபைல் அதுக்குள்ள போறதில்ல, அதுகள் ஆர்கைவ் ஃபோல்டர்ல வேறயா கெடக்கும், அதனால அந்த 10 ஜிபிய நெனச்சி யாரும் பயப்பட வேணாம். ஆர்கைவ்தான் ஊதிக்கிட்டே போகும், வேல செஞ்ச ஃபைலத் திருப்பி வைக்கிற ஒவ்வொரு செக் இன்னுக்கும் முழு கொப்பி ஒண்ணு வைக்குது.

இனி முக்கியமான விசயம். வாங்கும்போது நாங்க நெனச்சது ஒருத்தர் வேலைய இன்னொருத்தர் அழிக்காம இருக்கணும்ங்கிறது மட்டுந்தான். அது மொத மாசத்துலயே தீர்ந்து போச்சு, அதுக்கப்புறம் அதப்பத்தி யாரும் பேசுனதே இல்ல. காசுக்கு வேல செஞ்சது 'வேர் யூஸ்ட்' டேப். உதாரணத்துக்கு 46 இஞ்சி ரோலரோட கிராங்க் புஷ் (தண்டு உள்ளுக்குச் சுத்துற வளையம்), பொஸ்பர் புரொன்ஸ். அதுல கிரீஸ் போற பள்ளத்த கொஞ்சம் மாத்துனா நல்லதுன்னு ஃபிட்டர் சொல்றாரு, சரி மாத்தலாம், ஆனா அந்த புஷ் வேற எந்த மெசின்ல போகுது? டேப்ப அமுக்குனா வரிசையா காட்டுது. செயார் ஃபோல்டர் காலத்துல இது முழுக்க மூத்த டிராஃப்ட்ஸ்மேன் ஒருத்தர் தலைக்குள்ளதான் இருந்திச்சி, அவர் லீவு போட்டா எங்களுக்கும் லீவு மாதிரித்தான்.

இதுல ஒரு சட்டம் போட்டுக்கிட்டோம், சொஃப்ட்வெயார் அதச் சொல்லித் தராது. புதுசா செஞ்ச பார்ட் பழைய எடத்துல அப்படியே மாட்டுமா, பழையது புதுசுக்குள்ள மாட்டுமா? ரெண்டுக்கும் ஆமான்னா ரிவிசன் ஏத்து, அதே நம்பர். மாட்டாதுன்னா புது நம்பர், ரிவிசன் இல்ல. கிரீஸ் பள்ளம் மாறுனா ரிவிசன், ஃபிளேஞ்ச் ஓட்டை தள்ளிப்போனா புது நம்பர். பெரிய கொம்பனிகள்ல இது சாதாரணம், ஆனா எங்கள மாதிரி எடங்கள்ல எல்லாத்துக்கும் ஏ, பி, சின்னு ஏத்திக்கிட்டே போவாங்க, அப்புறம் ஃபெக்டரிய நடத்துற டீமேக்கர் போன் பண்ணி "தம்பி நீங்க அனுப்புன புஷ் உக்கார மாட்டேங்குது"ன்னு சொல்லும்போது ரெண்டு பக்கமும் பேப்பர்ல ஒரே நம்பர்தான் இருக்கும்.

பிடிஎம்மோட குணமே கடைசி வேர்சன முன்னுக்குத் தள்ளுறது. ஸ்பெயார்ஸ் வேலைக்கு அது எதிரி. அஞ்சு வருசத்துக்கு முந்தி ஒரு தோட்டத்துக்குக் குடுத்த ரோலர்ல ரிவிசன் பி இருக்கும், இப்ப நம்ம வோல்ட்ல (பிடிஎம் ஃபைல் வைக்கிற எடத்துல) டி ஓடும். பழைய வேர்சன அது எடுத்துத் தரும், 'அஸ் பில்ட்'ன்னு, அப்ப இருந்தபடி பாக்கவும் வழி இருக்கு, ஆனா அவசரத்துல அத நம்பி யாரும் தேட மாட்டாங்க. அதனால மெசின் லொறி ஏறுற அன்னைக்கே அந்த ஓடருக்கு உள்ள பிடிஎஃப் செட்ட தனி ஃபோல்டர்ல போட்டு பூட்டிடுறோம், டேட்டா கார்ட்ல (ஃபைலோட விவரம் நிரப்புற படிவத்துல) தோட்டத்துப் பேரு, ஃபெக்டரி, மெசின் நம்பர் மூணும் கட்டாயம். எங்க டேட்டா கார்ட்ல அதிகமா தேடப்படுறது தோட்டத்துப் பேர்தான்.

நம்பர் போடுறதுல கொஞ்சம் சண்டை நடந்திச்சி. பழைய ஆளுங்களுக்கு நம்பரப் பார்த்தாலே இது ரோலரா ட்ரையரான்னு தெரியணும். கேக்க நல்லாத்தான் இருக்கு, ஆனா ஒரே பார்ட் ரெண்டு மெசின்லயும் போகும்போது அந்த நம்பர் பொய் சொல்ல ஆரம்பிச்சிடும். இப்ப வரிசையா தானா ஏறுற வெறும் நம்பர்தான், அர்த்தமெல்லாம் டேட்டா கார்ட்ல. பழைய நம்பருக்கும் ஒரு கட்டம் வச்சோம், சண்டை அதோட அடங்கிருச்சி. பழைய நீலப் பிரிண்ட்டுகள எல்லாம் மொடல் பண்ணணும்ன்னு வித்தவங்க ஆள் சொன்னாரு, வேணாம்ன்னு விட்டோம். ஸ்கேன் பண்ணி நம்பர் குடுத்து வோல்ட்ல போட்டா போதும், ஓடர் வர்ற பார்ட்ட மட்டும் மொடல் பண்ணுங்க. இன்னும் தொடாத பிரிண்ட்டு நெறைய கெடக்கு, அதால ஒரு நட்டமும் இல்ல.

வேர்க்சொப் பக்கம் போற பேப்பர்லதான் உண்மையான கஸ்டம். ரிலீஸ் ஆனது மட்டும் பிரிண்ட் ஆகும், ஓரத்துல ரிவிசனும் திகதியும் விழும், அதெல்லாம் சரி. லேத்ல நிக்கிற பாஸ் (தொழில்காரர்) அந்தப் பேப்பர்ல பென்சிலால அளவத் திருத்தி, சிங்களத்துலயோ தமிழ்லயோ ஒரு வரி எழுதி, வேலைய முடிச்சிடுவாரு. அந்தத் திருத்தம் சரியாவும் இருக்கும். அது மேல திரும்பி வரலன்னா எவ்வளவு பெரிய சிஸ்டம் வச்சும் பிரயோசனமில்ல. பழைய பேப்பரக் குடுத்தாத்தான் புதுப் பேப்பர்ன்னு ஸ்டோர்கீப்பர் புடிச்சிக்கிட்டதாலதான் அது நடக்குது.

கரண்ட் பத்தி. 2022 மார்ச் கடைசியில ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரைக்கும் வெட்டுனாங்களே, அப்பதான் சேர்வருக்கு யூபிஎஸ் இருந்தா மட்டும் போதாது, பெற்றி எறங்கும்போது சேர்வர் தானா ஒழுங்கா நிக்கணும்ங்கிறது இங்க எல்லாருக்கும் வெளங்கிச்சி. பேக்கப்ல டேட்டாபேஸும் ஆர்கைவும் ரெண்டும் வேணும், ஒரே நேரத்துல எடுத்ததா இருக்கணும். ஆர்கைவ் ஃபோல்டருக்குள்ள போய்ப் பாருங்க, ஃபைல் பேரெல்லாம் வெறும் கோட் மாதிரி, டேட்டாபேஸ் இல்லாட்டி எது ரோலர் எது ட்ரையர்ன்னு கடவுளுக்கும் தெரியாது. எக்ஸ்பிரஸ்ல வேலைய நேரத்துக்குத் தானா ஓட்டுற ஏஜென்ட் கெடையாது, அதனால விண்டோஸ் டாஸ்க் செடியூலர்ல ஸ்கிரிப்ட் ஒண்ணு போட்டு ராவுல எடுக்குறோம். பெற்றோல் இல்லாத அந்த மாசங்கள்ல கண்டியில இருந்த பொடியன் வீட்ல இருந்து விபிஎன்ல வேல செஞ்சான், பார்ட்ன்னா பரவால்ல, முழு ட்ரையர் அசெம்பிளிய செக் இன் பண்ணிட்டு அவன் சாப்பிட்டுட்டே வந்திடலாம். ரெண்டு எடத்துல ஆர்கைவ் வைக்கிற வசதி பிடிஎம் ப்ரொஃபெசனல்லதான் இருக்கு, வெப்ல பாக்கிறதும் அதுலதான்.

சல்லிக் கணக்கு டொலர்ல. 2022ல டொலர் 200 சொச்சத்துல இருந்து 360க்கு ஏறுனப்ப வருசா வருசம் கட்டுற மெயின்டனன்ஸ் பில் எப்படி வந்திருக்கும்ன்னு நீங்களே யோசிங்க. வேர்சன் ஏத்துறதும் லேசில்ல, சேர்வர் மாறுனா கிளையன்ட் மெசின் எல்லாம் சேர்ந்து மாறணும், அதனால நாங்க தைப்பொங்கல் லீவுல வச்சித்தான் செய்றது, வருசா வருசமும் செய்றதில்ல.

பிடிஎம் ப்ரொஃபெசனலுக்கு மாறச் சொல்லி வித்தவங்க இன்னும் கேட்டுக்கிட்டுத்தான் இருக்காங்க. கண்டியில கிளை ஒண்ணு தொறந்தா மாறுவோம், அது வரைக்கும் இல்ல. நீங்க டெமோ பாக்கப் போறீங்கன்னா அவங்க கொண்டு வர்ற சாம்பிள ஒதுக்கி வச்சிட்டு உங்ககிட்ட இருக்கிறதுலயே மோசமான பழைய டிராயிங் ஒண்ணையும், மூணு மெசின்ல போற பார்ட் ஒண்ணையும் குடுத்து, போன வருசம் யாருக்கு எந்த ரிவிசன் போச்சுன்னு அவங்களையே தேடிக் காட்டச் சொல்லுங்க.