ஐகான் ஏ5-ஆ, சீரேயா?

ஏரியில் இறங்கி அப்படியே கரையேறி நிற்கும் இரண்டு இருக்கை விமானம் என்று பேச்சு வந்தாலே எல்லோரும் ஐகான் ஏ5 படத்தைத்தான் நீட்டுகிறார்கள். அழகுதான், மறுக்கவில்லை. கார்பன் ஃபைபர் உடம்பு, கார் டாஷ்போர்டு மாதிரி முகப்பு, இறக்கையை மடக்கி டிரெய்லரில் ஏற்றி வீட்டுக்கே இழுத்துப் போகலாம். ஆனால் என் ஓட்டு 1992ல் ஃப்ளோரிடாவில் முதலில் பறந்த, அதே வகையைச் சேர்ந்த சீரே விமானத்துக்கு.

காரணம் எடை. இந்த வகை லேசான நீர்-நில விமானங்களுக்கு, ஏ5ஐ உருவாக்கியபோது அமெரிக்காவில் உச்சவரம்பு 650 கிலோ. ஐகான் அதற்குள் அடங்கவில்லை. 'எங்கள் இறக்கை இருந்தால் விமானம் கட்டுப்பாடிழந்து சுழன்று விழுவது எளிதில் நடக்காது, அந்தப் பாதுகாப்புக்கு எடை வேண்டும்' என்று கேட்டு 2013ல் விலக்கு வாங்கினார்கள், கடைசியில் எடை 685 கிலோவில் நின்றது. சரி, அதில் காலி விமானமே சுமார் 490 கிலோ. 76 லிட்டர் டேங்கை நிரப்பினால் இன்னொரு 54. மிச்சம் 140 சொச்சம். நான் 85 கிலோ, ஆகவே பக்கத்தில் உட்காருபவர் 56க்கு மேல் போகக்கூடாது, கூடாரம், பை எல்லாம் வீட்டிலேயே கிடக்கட்டும். இதில் எங்கே சுற்றுலா போவது?

சீரே பார்க்க எளிமையானது. அலுமினியக் குழாய்ச் சட்டம், துணி போர்த்திய இறக்கை, படகு மாதிரி கம்போசிட் அடிப்பகுதி. பழைய 650 கிலோ வரம்புக்குள்ளேயே அடங்கிவிட்டது. பெரும்பாலும் கிட்டாக, அதாவது உதிரி பாகங்களாக வாங்கி மாதக்கணக்கில் சொந்தக் கையால் கட்ட வேண்டும், அது எல்லோருக்கும் ஆகாது. மூன்றாவது சக்கரம் மூக்கில் இல்லாமல் வாலில் இருக்கும் வண்டி என்பதால் ஓடுபாதையில் கொஞ்சம் அசந்தாலும் பின்பக்கம் முன்னால் வரப் பார்க்கும். இந்த இடத்தில் முன்சக்கரம் உள்ள ஏ5 சாது. விமானம் முழுவதையும் தாங்கும் பாராசூட், இறக்கை எவ்வளவு சிரமப்படுகிறது என்று கண்ணெதிரே காட்டும் மீட்டர், இதெல்லாம் புதிதாகக் கற்றவருக்குப் பெரிய உதவி. ஆனால் அதெல்லாம் எப்போதும் காப்பாற்றாது: 2017ல் கலிஃபோர்னியாவின் பெர்ரியெஸ்ஸா ஏரியில் தாழப் பறந்த ஏ5 ஒன்று தவறான பள்ளத்தாக்குக்குள் நுழைந்து மோதியது, ஓட்டியவர் அதன் தலைமைப் பொறியாளர். எதிரே மலை வந்தால் எந்த இறக்கையும் ஒன்றும் செய்ய முடியாது.

விலையைப் பற்றிப் பேசவே வேண்டாம். 2008ல் 1,39,000 டாலர் என்றார்கள், 2017ல் 3,89,000. 2024ல் கம்பெனி திவால் மனு போட்டது.

இரண்டிலும் எஞ்சின் தலைக்கு மேலே, பின்னால். எஞ்சின் வேகத்தைக் கூட்டும் த்ராட்டில் பிடியைத் தள்ளினால் மூக்கு கீழே போகும், இழுத்தால் மேலே வரும், பழகும்வரை கை குழம்பும். அதைவிடப் பயம், சக்கரம் கீழே இருக்கும்போதே தண்ணீரில் இறங்குவது: குப்புறக் கவிழ்த்துவிடும். சீரேயில் மடக்கிய சக்கரம் பக்கவாட்டில் ஏறி நிற்கும், கழுத்தைத் திருப்பினால் கண்ணில் படும். 'தண்ணீர், சக்கரம் மேலே' என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டு அதை ஒரு தடவை எட்டிப் பார்த்தால்தான் எனக்கு நிம்மதி.