முடியா, இரத்தமா, சிறுநீரா: எதைக் கொடுத்தால் எது தெரியும்?

நண்பர் ஒருவர் நான்கு பக்க அறிக்கையை என் மேசையில் வைத்தார். கனிமத்துக்கு ஒன்றாகப் பச்சை, மஞ்சள், சிவப்புப் பட்டைகள். செலினியத்தின் பட்டை மட்டும் சிவப்பையும் தாண்டிக் கட்டத்தின் ஓரத்தில் முட்டி நின்றது. கடைசிப் பக்கத்தில் ஏழு மாத்திரைகளின் பட்டியல். அவற்றை விற்பதும் அறிக்கை அனுப்பிய ஆய்வகம்தான். பிடரியில் கொஞ்சம் முடியை வெட்டி உறையில் போட்டு அனுப்பியதற்கு வந்த பதில் இது. பல மாதமாக அசதி, அதனால் சோதித்துப் பார்த்தாராம்.

"பொடுகுக்கு என்ன ஷாம்பு போடுகிறீர்கள்?" என்று கேட்டேன். புட்டியைக் கொண்டுவந்து காட்டினார். செலினியம் சல்பைடு கலந்தது.

அளந்த கருவியை நான் குறை சொல்லமாட்டேன். முடியை அமிலத்தில் கரைத்து, பிளாஸ்மா எனப்படும் மிகச் சூடான மின்னேற்ற வாயுவில் செலுத்தி, அணுக்களை எடைவாரியாகப் பிரிக்கும் கருவி அது. நூறு கோடியில் ஒரு பங்கு அளவுகூட அதன் கண்ணுக்குத் தப்பாது. முடியில் செலினியம் இருந்தது, அது சொன்னது. அந்தச் செலினியம் உடம்பிலிருந்து வந்ததா, புட்டியிலிருந்து வந்ததா என்பதைக் கருவியால் சொல்ல முடியாது. தோலுக்கு வெளியே வந்த முடிக்கு இரத்த ஓட்டம் கிடையாது. ஆனால் சாயம், ஷாம்பு, குழாய்த் தண்ணீர், நீச்சல் குளத்துச் செம்பு எல்லாம் அதில் ஏறிக்கொள்ளும். கழுவிவிட்டு அளக்கலாமே என்றால், லேசாகக் கழுவினால் வெளி அழுக்கு தங்கும். அழுத்திக் கழுவினால் உள்ளே இருந்த கனிமமும் சேர்ந்து போகும். எந்த அளவு சரி என்பதில் ஆய்வகங்களுக்குள்ளேயே உடன்பாடு இல்லை.

அதன் விளைவு இரண்டு முறை அம்பலமானது. 1985இல் அமெரிக்காவில் ஆரோக்கியமான இரண்டு பதின்வயதுப் பெண்களின் முடியை 13 ஆய்வகங்களுக்கு அனுப்பினார்கள். ஆய்வகத்துக்கு ஆய்வகம் முடிவு மாறியது. 2001இல் ஒரே மனிதரின் முடியைப் பங்கிட்டு ஆறு ஆய்வகங்களுக்கு அனுப்பியபோது, 12 கனிமங்களில் மிக உயர்ந்த அளவுக்கும் மிகத் தாழ்ந்த அளவுக்கும் பத்து மடங்குக்கு மேல் வேறுபாடு. ஒரே தலை, ஆறு விதமான மனிதர்கள்!

சரி, இரத்தம் யோக்கியமா? கேள்வியைப் பொறுத்தது. கால்சியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இரத்தத்தில் அது கொஞ்சம் இறங்கினாலும் கழுத்திலுள்ள பாராதைராய்டு சுரப்பி எலும்பிலிருந்து எடுத்து நிரப்பிவிடும். எலும்பு தேய்ந்துகொண்டே போக, இரத்த அறிக்கை பல ஆண்டுகள் "இயல்பு" என்றே வரும். எலும்பைப் பற்றிய கேள்விக்கு எலும்பு அடர்த்தி ஸ்கேன்தான் வழி. முடியில் கால்சியம் கூடியிருந்தால், உங்கள் வீட்டுத் தண்ணீர் கடினத் தண்ணீர் என்பதுகூடக் காரணமாக இருக்கலாம்.

துத்தநாகத்தில் இரண்டு சோதனையும் தடுமாறுகின்றன. இரத்தத்தில் அது காலைக்கும் மாலைக்கும், சாப்பிடுவதற்கு முன்னும் பின்னும் மாறும்; காய்ச்சல் வந்தால் இறங்கும். முடியிலோ நிலைமை விசித்திரமானது. கடும் குறைபாட்டில் முடியின் வளர்ச்சியே குன்றிவிடுகிறது. மெதுவாக வளரும் முடியில் இருக்கிற கொஞ்சம் துத்தநாகம் நெருக்கமாகச் சேர்ந்து, அளவு இயல்பாகவோ கூடுதலாகவோ தெரியக்கூடும். பட்டினி கிடக்கும் உடம்புக்குப் பச்சைப் பட்டை. முடியில் உள்ள சோடியம், பொட்டாசியம் விகிதத்தைப் பார்த்து உங்கள் வளர்சிதை மாற்றம் வேகமா மந்தமா என்று சொல்லும் பகுதியைப் படிக்காமலே தாண்டிவிடலாம்.

நச்சு உலோகங்களுக்கு வந்தால் கதை மாறுகிறது. முடிக்கு மதிப்பு கூடும் இடமும் இங்கேதான் இருக்கிறது.

ஈயத்துக்கு இரத்தம். சிகிச்சை வரம்புகள் எல்லாம் இரத்த அளவை வைத்தே வகுக்கப்பட்டவை. குழந்தைகளில் டெசிலிட்டருக்கு 3.5 மைக்ரோகிராமைத் தாண்டினால் கவனிக்க வேண்டும் என்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2021இல் வரையறுத்தது. விரல் நுனியில் குத்தி எடுத்த இரத்தம் கூடுதலாகக் காட்டினால் இரத்தக் குழாயிலிருந்து எடுத்து உறுதி செய்வார்கள், ஏனென்றால் விரலில் ஒட்டிய தூசும் ஈயமாகக் கணக்கில் வரும். முடி பேசுவது, இறந்துபோய் இரத்தம் கிடைக்காதவர்கள் விஷயத்தில். இசையமைப்பாளர் பீத்தோவன் ஈயத்தால் நோயுற்றார் என்று ஒரு முடிக்கற்றையை வைத்துப் பல ஆண்டு பேசினார்கள். 2023இல் மரபணுவைப் பார்த்தால் அது ஒரு பெண்ணின் முடி. மறு ஆண்டு அவருடையதே என உறுதியான இரண்டு கற்றைகளை அளந்தபோது ஈயம் அதிலும் ஏராளமாக இருந்தது, அது வேறு வேடிக்கை.

ஆர்செனிக்கில் மூன்றும் போட்டியிடுகின்றன. இரத்தத்திலிருந்து அது சில மணி நேரத்தில் வெளியேறிவிடும். சிறுநீர் கடந்த சில நாட்களைக் காட்டும், ஆனால் முந்தின நாள் மீனோ இறாலோ சாப்பிட்டிருந்தால் அதிலுள்ள தீங்கற்ற ஆர்செனிக் சேர்ந்து எண் எகிறும். மாதக்கணக்கான பாதிப்பை முடியும் நகமும் வைத்திருக்கும். அதே ஆர்செனிக் தண்ணீரில் தலை குளித்திருந்தால் முடியை நம்ப முடியாது. கால் நகத்தில் இந்தத் தொல்லை குறைவு.

பாதரசத்தின் கரிமச் சேர்மமான மீத்தைல் பாதரசத்தில் முடிக்கு ஈடில்லை. 1971ஆம் ஆண்டு இறுதியில் ஈராக்கில், மீத்தைல் பாதரசப் பூஞ்சைக்கொல்லி பூசிய விதைக் கோதுமையை மக்கள் மாவாக்கி ரொட்டி சுட்டுச் சாப்பிட்டுவிட்டார்கள். அப்போது கருவுற்றிருந்த பெண்களின் நீண்ட கூந்தலை ஆய்வாளர்கள் துண்டு துண்டாக நறுக்கி அளந்தார்கள். முடி மாதம் ஏறக்குறைய 1 செ.மீ. வளரும் என்பதால் ஒவ்வொரு துண்டும் ஒரு காலம். கர்ப்பத்தின் எந்த மாதத்தில் பாதரசம் ஏறியது, எப்போது இறங்கியது என்பது தலைமுடியிலேயே வரிசையாகக் கிடந்தது. இரத்தத்தைப் போல ஏறத்தாழ 250 மடங்கு பாதரசம் முடியில் சேர்வதால் அளப்பதும் எளிது. இதற்கு ஒரு நிபந்தனை உண்டு: வெட்டிய கற்றையில் தலைப்பக்கம் எது, நுனி எது என்று நூல் கட்டி அடையாளம் வைக்க வேண்டும். நண்பரின் உறையில் முடி உதிரியாகக் கலந்து போயிருந்தது.

சிறுநீரிலும் ஒரு தில்லுமுல்லு உண்டு. உலோகத்தைப் பிடித்து இழுக்கும் மருந்தை முதலில் கொடுத்துவிட்டு, பிறகு சிறுநீரை அளப்பார்கள். அந்த மருந்து கொடுத்தால் யாருக்கும் எண் கூடும். அதை மருந்து எடுக்காதவர்களின் வரம்போடு ஒப்பிட்டு "நச்சு" என்பார்கள். அமெரிக்க மருத்துவ நச்சியல் கல்லூரி என்ற மருத்துவர் அமைப்பு 2010இலேயே இதைக் கண்டித்துவிட்டது.

நண்பரின் அறிக்கையில் இரும்புக்குப் பச்சைப் பட்டை. அதைப் பொருட்படுத்தாமல் மருத்துவர் இரத்தத்தில் இரும்பைச் சேமிக்கும் புரதமான ஃபெரிட்டினைப் பார்க்கச் சொன்னார். லிட்டருக்கு 15 மைக்ரோகிராமுக்குக் கீழே இருந்தால் உடம்பின் இரும்புக் கையிருப்பு தீர்ந்துவிட்டதாகக் கொள்வார்கள். இவருக்கு 9. ஐம்பது வயது ஆணுக்கு இரும்பு குறைந்தால் எங்கோ இரத்தம் கசிகிறதா என்று பார்த்தாக வேண்டும். இரைப்பையையும் பெருங்குடலையும் உள்நோக்கிப் பார்க்க அடுத்த வாரம் நாள் குறித்திருக்கிறார்கள்.