சாரல் காலமும் மாமாவின் சுருட்டுப் பெட்டியும்

போன வருடம் மஸ்கட்டிலிருந்து மாமாவுக்குக் கொண்டு போன சுருட்டுப் பெட்டி, இந்த ஆனியில் ஊருக்குப் போனபோது பாதிகூடக் காலியாகாமல் அப்படியே இருந்தது. திறந்தால் பஞ்சு ஒட்டியதுபோல் வெள்ளைப் பூஞ்சை. நான்கு சுருட்டுகளில் ஊசியால் குத்தியது மாதிரி ஓட்டைகள். மாமா கப்பலில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சனிக்கிழமை சாயங்காலம் மட்டும் ஒரு சுருட்டு, அதுவும் திண்ணையில் உட்கார்ந்து. “நீ ஆசையா கொண்டு வந்தது, தூரப் போட மனசு வரல்ல மக்கா” என்றார். எனக்குக் கஷ்டமாகிவிட்டது. இந்த முறை கொண்டு போன 20 சுருட்டுகளையும் சரியாக வைத்துவிட்டுத்தான் திரும்புவது என்று இருந்தேன். (திருவனந்தபுரம் விமான நிலையத்தில் ஒரு சிக்கலும் இல்லை. 25 சுருட்டு வரை வரி கிடையாது. பில்லைக் கையில் வைத்திருந்தேன், யாரும் கேட்கவில்லை.)

மாமாவின் அப்பா பிடித்தது திருச்சி சுருட்டு. வாங்கும்போதே காய்ந்திருக்கும், சட்டைப் பையில் கிடந்தாலும் ஒன்றும் ஆகாது. ஆங்கிலத்தில் ‘செரூட்’ என்பதே நம் சுருட்டு என்ற சொல்லிலிருந்து போனதுதான். ஆனால் க்யூபா, டொமினிக்கன் நாட்டுச் சுருட்டுகளில் முழு இலையைக் கொஞ்சம் ஈரத்தோடு சுற்றியிருப்பார்கள். அந்த ஈரம் போய்விட்டால் மேலிலை வெடிக்கும், புகை சூடாகித் தொண்டையை அறுக்கும். ஈரம் கூடினால் ஊதிப் பிளக்கும், நடுவில் அணையும், கடைசியில் பூஞ்சை பிடிக்கும். காற்றின் ஈரப்பதம் 65 முதல் 70 சதவீதத்துக்குள் நிற்க வேண்டும். நம் ஊர் வெயிலுக்கு 65-ஐ ஒட்டியே இருப்பது நல்லது.

தவறு எங்கே நடந்தது என்று மாமாவைக் கேட்டபோதுதான் புரிந்தது. பெட்டியோடு வந்த குறிப்பில் பஞ்சை நனைத்து உள்ளே வை என்று போட்டிருந்ததாம். வாரம் தவறாமல் நனைத்திருக்கிறார். குளிரில் ஹீட்டர் ஓடும் வீடுகளுக்கும், என் மஸ்கட் ஏசி அறைக்கும் அந்தக் குறிப்பு சரி. தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் இரண்டும் நனைக்கிற கன்னியாகுமரி மாவட்டத்தில், கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் உள்ள வீட்டில், சாரல் நாளில் வெளிக்காற்றே 80 சதவீதத்தைத் தாண்டி நிற்கும். இங்கே ஈரத்தை உள்ளே விடாமல் தடுப்பதுதான் வேலை. கருப்பட்டியை அடுப்புக்கு மேலே பரணில் வைக்கிற மாமிக்கு இதை விளக்கவே வேண்டியிருக்கவில்லை.

முதலில் ஈரப்பதம் காட்டும் மீட்டர். நாகர்கோவிலில் ஒரு கடையில் 450 ரூபாய்க்கு டிஜிட்டல் மீட்டர் வாங்கினேன். வாங்கியதும் உப்புச் சோதனை செய்வது என் வழக்கம். பாட்டில் மூடியில் உப்பைப் போட்டு, ஈர மணல் பதத்துக்கு மட்டும் தண்ணீர் விட்டு, மீட்டரோடு சேர்த்துக் காற்றுப் புகாத டப்பாவில் ஒரு நாள் மூடி வைக்க வேண்டும். உள்ளே ஈரப்பதம் 75 சதவீதத்தில் வந்து நிற்கும். மாமி புத்தளம் உப்பளத்துக் கல்லுப்பை எடுத்துத் தந்தார். ஊர் உப்புதான், ஆனால் இந்தச் சோதனைக்கு ஆகாது. அதில் இருக்கும் மெக்னீசியம் உப்புகள் கணக்கைக் கெடுத்துவிடும். மழைக்காலத்தில் கல்லுப்பு ஜாடியில் தண்ணீர் விடுவதும் அதனால்தான். பாக்கெட் தூள் உப்பில் வைத்துப் பார்த்தேன். மீட்டர் 83 காட்டியது. கடையில் போய்ச் சொன்னால், “எல்லாம் அப்படித்தான் சார் இருக்கும்” என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். மாற்றித் தரவில்லை. பரவாயில்லை, எவ்வளவு தப்பு என்று தெரிந்தால் போதும். பின்னால் ‘8 கழிக்கவும்’ என்று ஒட்டிவிட்டேன்.

அடுத்தது பெட்டி. ஆசாரி ஒருவர் தேக்கில் அழகாகச் செய்து தருகிறேன் என்றார். ஆனால் மரம் மழைக்கு ஊதி வெயிலுக்குச் சுருங்கும், மூடி எப்படி இறுக்கமாக நிற்கும்? வெளிநாட்டுப் பெட்டிகளில் ஸ்பானிஷ் சிடார் பலகை வைப்பார்கள் என்று சொன்னேன். பெயரில்தான் சிடார், அது வேம்புக் குடும்பத்து மரம். அவர் யோசித்துவிட்டு, “அப்போ சந்தன வேம்பு பாப்போமா?” என்றார். அசந்துபோனேன். அது ஸ்பானிஷ் சிடாருக்கு நெருங்கிய சொந்தம், முன்பு சுருட்டுப் பெட்டிக்கே பயன்பட்ட மரம். அறுவை மில்லில் கழிவாகக் கிடந்த துண்டை இழைத்து, பாலிஷ் போடாமல் நான்கு மெல்லிய பட்டிகளாகக் கொடுத்தார். கூலி 200 ரூபாய். கோட்டாறு பாத்திரக்கடையில் ரப்பர் வளையம் வைத்த கண்ணாடி டப்பா வாங்கி, உள்ளே அந்தப் பட்டிகளை அடுக்கினேன். ஈரப்பதத்தை 65 சதவீதத்தில் நிறுத்தும் போவெடா பை ஒன்றை மஸ்கட்டிலிருந்தே கொண்டு வந்திருந்தேன். அது ஈரம் கூடினால் உறிஞ்சும், குறைந்தால் விடும். ஆனால் டப்பா கசிந்தால் அதுவும் ஊர்க்காற்றோடு சண்டை போட்டுச் சீக்கிரம் செத்துப்போகும்.

அப்புறம் வண்டு. அந்த ஊசி ஓட்டைகள் புகையிலை வண்டு போட்டவை. இலைக்குள் முட்டை இருந்தால், 25 டிகிரியைத் தாண்டிய சூட்டில் பொரிக்கிற வாய்ப்பு கூடும். மாமா வீட்டுக்குள் மதியம் 30. புதுச் சுருட்டுகளை உறைய வைத்துவிட்டால் முட்டை செத்துவிடும், ஆனால் மாமியின் ஃப்ரீசர் முழுக்க மீன் வாடை. சுருட்டு எந்த வாடையையும் இழுத்துக்கொள்ளும். முக்கில் ஐஸ்கிரீம் கடை வைத்திருக்கும் அக்காவிடம் தயங்கித் தயங்கிக் கேட்டேன். “வச்சிட்டுப் போ தம்பி, இதுக்கென்ன” என்று டீப் ஃப்ரீசரில் ஒரு மூலையை ஒதுக்கிக் கொடுத்தார். இரண்டு ஜிப் கவர்களுக்குள் காற்றை வெளியேற்றிக் கட்டி வைத்தேன். இரண்டாம் நாள் பராமரிப்பு மின்தடை வந்தது. அக்கா மாலை வரை ஃப்ரீசரைத் திறக்கவே விடவில்லையாம், வியாபாரத்தை நிறுத்தி. நான் பாதுகாப்புக்கு இன்னும் இரண்டு நாள் கூட்டி வைத்தேன். எடுத்ததும் நேராக வெளியே வைக்காமல், கவரைப் பிரிக்காமலேயே ஒரு நாள் ஃப்ரிட்ஜில் இருக்க விட்டேன். சட்டென்று சூடு பட்டால் மேலிலை பிளந்துவிடும். காசு கொடுத்தேன், வாங்கவில்லை. ஊரில் நான் பார்த்த சேவைகளிலேயே பெரியது இதுதான்.

டப்பாவை மேற்குச் சுவர் அலமாரியில் வைக்க வேண்டாம் என்று சொல்லி, பழைய வீட்டு அரங்கில் (உள் அறையில்) நெல் பத்தாயத்துக்குப் பக்கத்தில் தரையோடு வைத்தோம். வீட்டிலேயே குளிர்ந்த இடம் அது. வாரம் ஒரு முறைக்கு மேல் திறக்கக் கூடாது. மாமாவுக்கு எப்படியும் சனிக்கிழமைதான்.

நேற்று வீடியோ காலில் டப்பாவைத் தூக்கிக் கேமராவுக்கு நேராகப் பிடித்தார். மீட்டர் 74 காட்டியது. “எட்டு கழிச்சா அறுபத்தாறு, சரிதானே மக்கா?” என்றார்.