பைடெஸ்ட்: ரெண்டு வருஷம் யூஸ் பண்ணதுல தோணுனது

பைடெஸ்ட்ங்கறது பைத்தான் கோட் சரியா ஓடுதான்னு டெஸ்ட் பண்ற டூல். பைத்தான்லயே அதுக்கு யூனிட்டெஸ்ட் இருக்கே, அப்புறம் எதுக்கு இன்னொன்னுன்னுதான் நானும் கேட்டேன். அதுல கிளாஸ் எழுதி, ஒவ்வொரு செக்குக்கும் ஒரு மெத்தட் பேரு ஞாபகம் வச்சு... இதுல சும்மா ஒரு ஃபங்ஷன், உள்ள அசெர்ட் (ரிசல்ட் சரியான்னு செக் பண்ற ஒரு வரி), அவ்ளோதான். பழைய யூனிட்டெஸ்ட் கோடும் பெரும்பாலும் அப்படியே ஓடும், ஒரே நாள்ல எல்லாத்தையும் மாத்தணும்னு இல்ல.

எனக்கு ரொம்ப புடிச்சது ஃபிக்ஸ்சர், அதாவது டெஸ்ட்டுக்கு வேணுங்கறத ரெடி பண்ணித் தர்ற ஃபங்ஷன். டேட்டாபேஸ் கனெக்‌ஷன ஒரு தடவ எழுதி கான்ஃப்டெஸ்ட் ஃபைல்ல போட்டா அந்த ஃபோல்டர்ல இருக்குற எல்லா டெஸ்ட்டும் இம்போர்ட்கூட பண்ணாம பேரச் சொல்லி வாங்கிக்கும், ஆனா புதுசா வர்ற பசங்க "இது எங்கண்ணா இருந்து வருது"ன்னு முழிப்பாங்க, அது நியாயம்தான். ஃபெயில் ஆனத மட்டும் திரும்ப ஓட்ட --எல்எஃப், எந்த டெஸ்ட் ஆமை மாதிரி போகுதுன்னு பாக்க --டுரேஷன்ஸ். இந்த ரெண்டும் இல்லாம இப்ப எனக்கு வேல ஓடாது.

எக்ஸ்டிஸ்ட் பிளக்இன் போட்டு நாலு பிராசஸ்ல ஒண்ணா ஓட்டுனோம், பாதி டெஸ்ட் புட்டுக்கிச்சு. தப்பு எங்க மேலதான், எல்லா டெஸ்ட்டும் ஒரே டேட்டாபேஸ் டேபிள்ல கைய வச்சுட்டு இருந்துச்சு. மார்க்கர் (டெஸ்ட்ட வகை பிரிக்க ஒட்டுற லேபிள்) போடுறப்ப ஸ்பெல்லிங் தப்பானா வெறும் வார்னிங்தான் வரும், ஸ்ட்ரிக்ட் ஆப்ஷன ஆன் பண்ணிக்குங்க. அஞ்சுக்கு நாலரை.