முட்டம் பாறையும் ஒரு ரோல் எச்பி5 பிளஸும்

முட்டம் கடற்கரையில இல்ஃபோர்டு எச்பி5 பிளஸ்ங்கிற கறுப்பு-வெள்ளை ஃபிலிம் ஒரு ரோல், 36 படமும் எடுத்து முடிச்சேன். ஃபிலிமோட வெளிச்ச உணர்திறன் 400 ஐஎஸ்ஓ. சாயங்காலம் சிவப்பு ஃபில்டர் போட்டேன். மூணு ஸ்டாப் வெளிச்சத்தைத் தின்னுடும், அதாவது எட்டுல ஒரு பங்குதான் மிஞ்சும், ட்ரைபாட் இல்லாம முடியாது. ஆனா நீல வானம் கறுத்து, மேகம் வெள்ளையா எழுந்து நிக்குது.

வெளிச்சம் அளக்கிற மீட்டரைப் பாறைக்கு வெச்சேன். நனைஞ்ச பாறையோட கறுப்புக்குள்ள ஒட்டியிருக்கிற சிப்பி ஒண்ணொண்ணா தெரியுது. அதே படத்துல நுரையும் வெளுத்துப் போகல. இதுக்காகவே இந்த ஃபிலிமை மறுபடி வாங்குவேன். கிரெய்ன், அதாவது படத்துல தெரியிற பொடிப் புள்ளிகள், பாறைக்கு அழகு, வெறும் வானத்துல கொஞ்சம் உறுத்துது.

கழுவக் கொடுத்த இடத்துல நெகட்டிவைக் கீறிட்டாங்க. ரெண்டு நல்ல படம் போச்சு, இன்னும் மனசு ஆறல. அடுத்த ரோலை வீட்டுலயே கழுவுறேன். உப்புக் காத்து படியும், ஃபில்டரை அடிக்கடி துடைங்க.