450 ரூபாயா, 'தங்களால் இயன்றதா'? நன்கொடை கேட்கும் இரண்டு செய்திகள்

நன்கொடை கேட்டு எழுதுபவர்களில் இரண்டு கட்சி உண்டு. 'கணக்கைச் சொல், நம்புவாங்க' என்பது ஒன்று. 'ஒரு ஆளைக் காட்டு, கொடுப்பாங்க' என்பது மற்றது. குடியாத்தத்தில் பீடித் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு நடத்தும் எங்கள் சின்னக் குழு இரண்டையும் வாட்ஸ்அப்பில் அனுப்பிப் பார்த்தது.

முதல் செய்தி: "மதிப்பிற்குரியீர், பொருளாதாரத்தில் பின்தங்கிய மாணவர்களின் கல்வி மேம்பாட்டுக்காக எங்கள் அமைப்பு அயராது பாடுபட்டு வருகிறது. 64 மாணவர்கள் பயன்பெறுகின்றனர். தங்களால் இயன்ற நிதியுதவியை வழங்கிட வேண்டுகிறோம்."

கைகூப்பும் பொம்மைகள் வரிசையாக வந்தன. பணம் வரவில்லை.

இரண்டாவது: "அண்ணா வணக்கம். ஒன்பதாவது படிக்கும் ஒரு பெண், அம்மா சுற்றிய பீடிக்கு நூல் கட்டிக் கொடுத்துவிட்டுத்தான் ஆறரைக்கு வகுப்புக்கு வருகிறாள். நோட்டைப் புரட்டினால் புகையிலை வாசனை. போன வாரம் அல்ஜீப்ரா கணக்கை அவளே போர்டில் போட்டாள். ஒரு பிள்ளைக்கு ஒரு மாதம் 450 ரூபாய். ஜூனுக்கு இன்னும் ஏழு பிள்ளைகள் பாக்கி. ஒருவரை நீங்கள் எடுத்துக்கொள்வீர்களா?"

இதற்குப் போனே வந்தது. "அந்தப் பொண்ணு இப்ப எப்படிப் படிக்குது?" என்றார்கள். அமைப்பு எப்போது தொடங்கியது என்று ஒருவரும் கேட்கவில்லை.

சரி, இரண்டையும் சேர்த்துவிடலாமே என்று எங்கள் பொருளாளர் சமாதானம் பேசினார். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. ஆனால் ஸ்மால், லோவன்ஸ்டைன், ஸ்லோவிக் என்ற மூன்று ஆய்வாளர்கள் அமெரிக்காவில் இதையே சோதித்து 2007-ல் வெளியிட்டிருக்கிறார்கள். கையில் 5 டாலர் கொடுத்து நன்கொடை கேட்டபோது, ரோக்கியா என்ற ஆப்பிரிக்கச் சிறுமியைப் பற்றி மட்டும் படித்தவர்கள் சராசரியாக 2.38 டாலர் தந்தார்கள். பஞ்சக் கணக்கைப் படித்தவர்கள் தந்தது 1.14. இரண்டையும் படித்தவர்கள் 1.43தான். புள்ளிவிவரம் வந்து உட்கார்ந்ததும் சிறுமி ஓரமாகப் போய்விட்டாள்.

வேலூர்க்காரர்களுக்கு இது புதிதல்ல. சி.எம்.சி. மருத்துவமனையை நிறுவிய அமெரிக்க டாக்டர் ஐடா ஸ்கடரைப் பற்றிச் சொல்லும்போது இங்கே யாரும் பிரசவ மரண விகிதத்தில் ஆரம்பிப்பதில்லை. அவர் டாக்டராகும் முன்பு திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று கணவர்கள் மனைவியின் பிரசவத்துக்கு உதவி கேட்டுக் கதவைத் தட்டியதும், ஆண் மருத்துவரை அனுமதிக்காததால் மூன்று பெண்களும் இறந்ததும்தான் ஆரம்பம். அவர் நியூயார்க்கில் நிதி திரட்டப் போனபோது ஷெல் என்ற வங்கியாளர் மறைந்த மனைவியின் நினைவாக 10,000 டாலர் கொடுத்தார். 1902-ல் வேலூரில் திறந்த மருத்துவமனைக்கு ஷெல்லின் மனைவி பெயர்தான்.

தொகை விஷயத்தில் எனக்குத் தயக்கமே இல்லை. 'தங்களால் இயன்றதை' என்பது மரியாதையாக இருக்கிறது, ஆனால் படிப்பவர் தலையில் கணக்கை ஏற்றுகிறது. நூறு போட்டால் கேவலமா, ஆயிரம் போட்டால் அதிகமா? கல்யாணத்தில் மொய் நோட்டைப் பார்த்தால் எவ்வளவு எழுதுவது என்று தெரிந்துவிடும். 450 என்று எழுதுவது அந்த நோட்டைத் திறந்து காட்டுகிற மாதிரி.

கதைச் செய்தியிலும் ஆபத்து இருக்கிறது. முதல் தடவை அனுப்பியபோது அந்தப் பெண்ணின் போட்டோவையும் போட்டுவிட்டோம். அது சுற்றிச் சுற்றி அவள் வகுப்பு மாணவியின் அம்மா போனுக்கே போனது. மறுநாள் அவள் வரவில்லை. அவள் அம்மாதான் வந்தார். "எங்களைக் காட்டித்தான் காசு கேக்கணுமா?" என்றார். பதில் சொல்ல வாய் வரவில்லை. இப்போது பெயர் கிடையாது, முகம் கிடையாது, வீட்டில் படித்துக் காட்டிச் சம்மதம் வாங்காமல் ஒரு வரி கிடையாது. நோட்டின் படம் போதும்.

'ஒன்றுக்கு ஒன்று' வழியும் உண்டு: நீங்கள் எவ்வளவு கொடுத்தாலும் ஒரு புரவலர் அதே அளவு போடுவார். கார்லன், லிஸ்ட் இருவரின் ஆய்வில், இப்படிச் சொன்னபோது கடிதத்துக்கு 19 சதவீதம் வரவு கூடியது. ஒன்றுக்கு மூன்று என்று உயர்த்தியும் அதற்கு மேல் பலன் இல்லை. ஆகவே பேரணாம்பட்டுத் தோல் வியாபாரி யாராவது ஒரு பங்கு தர ஒப்புக்கொண்டால் மூன்று பங்கு கேட்டு அவரை நச்சரிக்க வேண்டாம்.

கொடுப்பவருக்கு வருமான வரிக் கழிவு தரும் பதிவு (80ஜி என்பார்கள்) இருந்தால் கடைசி வரியில் சொல்லுங்கள். ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் தந்தால் அந்தக் கழிவு கிடையாது என்பதையும் சேர்த்து.

அப்புறம், கணக்குக் கட்சி முழுக்கத் தோற்றுவிடவில்லை. அதன் நேரம் பணம் வந்த பிறகு. போன மாதம் எல்லோருக்கும் இப்படி அனுப்பினோம்: "உங்கள் 450-ல் டீச்சர் சம்பளத்துக்கு 250, சுண்டலுக்கு 130, நோட்டு பேனாவுக்கு 70. பில் இணைத்திருக்கிறேன். இப்போது எதுவும் அனுப்ப வேண்டாம்."

காட்பாடியில் இருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் பத்து நிமிடத்தில் பதில் போட்டார்: "சுண்டலுக்கு 130 எப்படிப் பத்தும்? ஜூலைக்கு 500 போட்டிருக்கேன், பாருங்க."